முந்திக்கொண்டு அடிக்கலாமா? முன்தாக்குதலும் சர்வதேசச் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாடு இன்னொரு நாட்டை முதலில் தாக்கினாலே அது சட்டவிரோதம்தானா?

பொது விதி அதுதான். 1945ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனம், பிரிவு 2(4): எந்த உறுப்பு நாடும் மற்றொரு நாட்டின் எல்லைக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்துவதாக மிரட்டவும் கூடாது. இதற்கு இரண்டு விலக்குகள்தான் உண்டு. சாசனத்தின் 7ஆம் அத்தியாயத்தின்கீழ் பாதுகாப்பு சபை அனுமதி தருவது ஒன்று. பிரிவு 51 சொல்லும் தற்காப்பு மற்றொன்று. முன்தாக்குதல் பற்றிய தகராறு எல்லாம், இந்த இரண்டாவது விலக்கின் வாசல் எவ்வளவு அகலம் என்பதில்தான்.

முன்தாக்குதலுக்கும் தடுப்புப் போருக்கும் என்ன வேறுபாடு? செய்திகளில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்களே?

ஒன்றாகச் சொல்வதால்தான் பாதிக் குழப்பம். எதிரி தாக்க முடிவெடுத்துவிட்டான், படை நகர்கிறது, அடி விழ இன்னும் சிறிது நேரமே இருக்கிறது என்ற நிலையில் நாம் முந்துவது முன்தாக்குதல். இன்று தாக்கும் திட்டம் எதுவும் எதிரியிடம் இல்லை, சில ஆண்டுகளில் வலுத்துவிடுவான், பிறகு சமாளிக்க முடியாது என்று இப்போதே அடிப்பது தடுப்புப் போர். முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே வெட்டிவிடு என்பது பழைய அரச நீதி. இன்றைய சட்டம் தடுத்து நிறுத்துவது சரியாக அந்த இடத்தில்தான்.

இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்றும் உண்டு: கிளம்பிவிட்ட தாக்குதலை வழியிலேயே மறிப்பது. 1941 நவம்பர் 26 அன்று ஜப்பானியக் கப்பற்படை குரில் தீவுகளிலிருந்து பேர்ல் ஹார்பரை நோக்கிப் புறப்பட்டது. அமெரிக்கா அதை நடுக்கடலில் கண்டுபிடித்துத் தாக்கியிருந்தால் யார் ஆக்கிரமிப்பாளர்? ஜப்பான்தான் என்றே பெரும்பாலான சட்ட அறிஞர்கள் சொல்வார்கள். ஆனால் இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பேச்சுவார்த்தை பலித்தால் திரும்பிவர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அந்தக் கப்பல்கள் கிளம்பின. தாக்குதலை உறுதிசெய்யும் உத்தரவு டிசம்பர் 2 அன்றுதான் போனது. அந்த ஆறு நாள் இடைவெளியில் தாக்கியிருந்தால் வாதம் சற்றுக் கடினம். எதிரியின் முடிவு எந்தக் கணத்தில் உறுதியாகிறது என்பதே இந்தத் துறையின் மையக் கேள்வி.

பிரிவு 51 முன்தாக்குதலை அனுமதிக்கிறதா, இல்லையா?

உறுப்பு நாட்டின் மீது "ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால்" தற்காப்புக்கான அதன் இயல்பான உரிமையைச் சாசனத்தில் உள்ள எதுவும் பாதிக்காது என்கிறது அந்தப் பிரிவு. ஒரு தரப்பு "நிகழ்ந்தால்" என்பதைப் பிடித்துக்கொள்கிறது: தாக்குதல் நடந்தால்தான் உரிமை பிறக்கும். மறுதரப்பு "இயல்பான உரிமை" என்பதைப் பிடித்துக்கொள்கிறது: சாசனத்துக்கு முன்பே வழக்காற்றுச் சட்டத்தில் (நாடுகள் நெடுங்காலம் கடைப்பிடித்து ஏற்றுக்கொண்ட எழுதப்படாத விதிகளில்) இருந்த உரிமை அப்படியே தொடர்கிறது, அதில் உடனடி ஆபத்தை முந்தும் உரிமையும் அடக்கம்.

சர்வதேச நீதிமன்றம் இதற்கு நேராகப் பதில் சொன்னதில்லை. 1986இல் நிகரகுவா எதிர் அமெரிக்கா வழக்கிலும், 2005இல் காங்கோ எதிர் உகாண்டா வழக்கிலும், இந்தக் கேள்வி தன்முன் எழுப்பப்படவில்லை என்று ஒதுக்கிவைத்தது. அப்போதைய ஐ.நா. தலைமைச் செயலர் கோஃபி அன்னான் அமைத்த உயர்மட்டக் குழு 2004 டிசம்பரிலும், அன்னான் தம் 2005 மார்ச் அறிக்கையிலும், உடனடி ஆபத்து பிரிவு 51க்குள் அடங்கும், உடனடி அல்லாத ஆபத்து அடங்காது என்று கோடு போட்டனர். அணிசேரா நாடுகள் பிரிவு 51ஐ விரித்துப் பொருள்கொள்வதைத் தொடர்ந்து எதிர்க்கின்றன.

எங்கள் மதிப்பீடு இது: மிகக் குறுகிய அளவில், உண்மையிலேயே உடனடியான தாக்குதலை முந்தும் உரிமையைக் கணிசமான நாடுகள் ஏற்கின்றன. தடுப்புப் போரை உரிமையாக ஏற்பவை மிகச் சில. அதையே தங்கள் முறையான சட்ட வாதமாக எழுதிக் கொடுக்கத் துணிபவை அதனினும் குறைவு.

எல்லோரும் மேற்கோள் காட்டும் 'கரோலைன்' விவகாரம் என்ன?

1837இல் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கனடாவில் ஒரு கிளர்ச்சி. தோற்ற கிளர்ச்சியாளர்கள் நயாகரா ஆற்றின் நடுவே உள்ள நேவி தீவில் முகாமிட்டனர். அமெரிக்கக் கரையிலிருந்து ஆட்களையும் பொருள்களையும் அவர்களுக்குக் கொண்டுபோனது கரோலைன் என்ற சிறு நீராவிக் கப்பல். டிசம்பர் 29 இரவு பிரிட்டிஷ் தரப்பினர் படகுகளில் ஆற்றைக் கடந்து, அமெரிக்கக் கரையில் கட்டியிருந்த அந்தக் கப்பலைப் பிடித்து, தீவைத்து, அருவியை நோக்கி ஆற்றோடு விட்டுவிட்டனர். கரையில் ஓர் அமெரிக்கர் கொல்லப்பட்டார்.

பிரிட்டன் தற்காப்பு என்றது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் 1841 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் தற்காப்புக்கு ஓர் அளவுகோல் வைத்தார்: தேவை உடனடியானதாக, மீற முடியாததாக, வேறு வழியைத் தேர்ந்தெடுக்கவோ யோசிக்கவோ அவகாசமே தராததாக இருக்க வேண்டும். அப்போதும் செய்தது நியாயமற்றதாகவோ மிகையாகவோ இருக்கக் கூடாது. 1842இல் பிரிட்டனின் ஆஷ்பர்ட்டன் பிரபு அந்த அளவுகோலை மறுக்கவில்லை. தங்கள் செயல் அதற்குள் அடங்கும் என்றே வாதிட்டு, சம்பவம் நடந்த உடனேயே விளக்கமும் மன்னிப்பும் சொல்லாததற்கு வருத்தம் தெரிவித்தார்.

இந்த முன்னுதாரணத்தைக் கையாளும்போது இரண்டு விஷயங்கள் தவறிப்போகின்றன. அப்போது போர் தொடுப்பதே சட்டவிரோதம் இல்லை. அது போரைக் கைவிடுவதாக நாடுகள் உறுதியளித்த 1928 பாரிஸ் ஒப்பந்தத்துக்கும் 1945 சாசனத்துக்கும் பிறகு வந்த நிலை. மேலும், கிளர்ச்சியாளர்கள் ஏற்கெனவே தாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆக கரோலைன் என்பது வரப்போகும் முதல் தாக்குதலை முந்திய கதை அல்ல, நடந்துகொண்டிருந்ததைத் தடுத்த கதை. இருந்தும் வெப்ஸ்டரின் அளவுகோல் நிலைத்துவிட்டது. நேச நாடுகள் நார்வேயில் இறங்கப்போகின்றன, அதனால்தான் 1940 ஏப்ரலில் முந்திக்கொண்டோம் என்று ஜெர்மன் தரப்பு வாதிட்டபோது, நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பாயம் 1946இல் அதே வாசகத்தை வைத்துத்தான் அந்த வாதத்தைத் தள்ளியது. தற்காப்பா இல்லையா என்பதைத் தாக்கிய நாடே இறுதியாகத் தீர்மானித்துக்கொள்ள முடியாது, அது விசாரணைக்கு உட்பட்டது என்றும் சொன்னது. அந்த இரண்டாவது கூற்றுதான் எங்களுக்கு அதிக முக்கியமாகப் படுகிறது.

'உடனடி' என்பதை எப்படி அளப்பது? மணிக்கணக்கா, நாள்கணக்கா?

கடிகாரம் மட்டும் போதாது. ஒரு அரசின் சட்ட ஆலோசகர் இதைக் கேள்விகளாகப் பிரித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். எதிரிக்குத் தாக்கும் திறன் இன்று இருக்கிறதா, அல்லது உருவாகப்போகிறதா? தாக்கும் எண்ணத்துக்குச் சான்று என்ன: மேடைப் பேச்சா, இடைமறித்த உத்தரவா? எண்ணம் முடிவாக மாறிவிட்டதா? இப்போது தடுக்காவிட்டால் பிறகு தடுக்கும் வாய்ப்பு உண்மையிலேயே இல்லையா? தூதரக வழி, பாதுகாப்பு சபை, எச்சரிக்கை, படையை உஷார்நிலையில் வைப்பது, இவற்றில் எது பலிக்கும்?

ஓர் உதாரணம். ஏவுதளத்தில் நிற்கும் திரவ எரிபொருள் ஏவுகணைக்கு எரிபொருள் நிரப்புவதைச் செயற்கைக்கோள் படம் காட்டுகிறது. இது மட்டும் போதுமா? போதாது. சோதனைக்கும் அப்படித்தான் நிரப்புவார்கள். அதோடு படை அணிதிரள்வு, விமானத் தளங்களில் பரபரப்பு, தலைமையிலிருந்து போன உத்தரவு ஆகியவை சேர்ந்தால் படம் மாறும். திட எரிபொருள் ஏவுகணையில் நிரப்பும் கட்டமே இல்லை. எச்சரிக்கை நேரம் சுருங்குகிறது, முந்த வேண்டும் என்ற அழுத்தம் கூடுகிறது, தவறாகக் கணிக்கும் வாய்ப்பும் கூடவே கூடுகிறது.

இந்த அழுத்தத்தால் 'கடைசி வாய்ப்பு' என்ற வாதம் செல்வாக்குப் பெற்றது: தாக்குதல் எப்போது என்று தெரியாவிட்டாலும், தடுக்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு இதுதான் என்றால் அதுவும் உடனடிதான். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் முன்னாள் சட்ட ஆலோசகர் டேனியல் பெத்லஹேம் 2012இல் வெளியிட்ட கோட்பாடுகள் ஆயுதக் குழுக்களை மனத்தில் வைத்து இந்தத் திசையில் செல்கின்றன. வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் எதிரியின் முடிவுக்குச் சான்று கேட்காமல் இதைப் பயன்படுத்தினால், தடுப்புப் போரே வேறு பெயரில் உள்ளே வந்துவிடும். வாய்ப்பு கைநழுவுகிறது என்பது நம் நிலைமையைப் பற்றிய செய்தி. எதிரி தாக்கப்போகிறான் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது.

1967 ஆறு நாள் போர் சட்டப்படி சரியான முன்தாக்குதல்தானே?

பாடத்தில் வரும் உதாரணம் அதுதான். மே மாதத்தில் எகிப்து ஐ.நா. அமைதிப் படையை வெளியேறச் சொன்னது, சினாயில் படையைக் குவித்தது, 22ஆம் தேதி டிரான் நீரிணையை இஸ்ரேலியக் கப்பல்களுக்கு மூடுவதாக அறிவித்தது. மே 30இல் ஜோர்டானுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஜூன் 5 காலை இஸ்ரேலிய விமானங்கள் எகிப்தின் விமானத் தளங்களைத் தாக்கின.

பலர் கவனிக்காத ஒன்று: அன்று பாதுகாப்பு சபையில் இஸ்ரேல் 'நாங்கள் முந்திக்கொண்டோம்' என்று வாதிடவில்லை. எகிப்தியப் படைகளே முதலில் நகர்ந்தன என்றுதான் சொன்னது. இஸ்ரேலைக் கண்டிக்கும் சோவியத் முயற்சி பாதுகாப்பு சபையிலும் பொதுச் சபையிலும் தோற்றது. அதற்காக யாரும் தாக்குதல் சட்டப்படியானது என்று தீர்மானம் போட்டுவிடவும் இல்லை. நவம்பரில் வந்த 242ஆம் தீர்மானம் போரால் நிலம் சேர்ப்பது ஏற்கத்தக்கதல்ல என்றது. தற்காப்பு சரியாகவே இருந்தாலும் பிடித்த நிலம் சொந்தமாகாது.

அணு உலையைத் தாக்குவது? ஓசிராக்கையும் சிரியாவையும் உலகம் வேறுவேறாகப் பார்த்ததே?

1981 ஜூன் 7 அன்று பாக்தாத் அருகே ஓசிராக் உலையை இஸ்ரேல் குண்டுவீசி அழித்தது. ஜூன் 19 அன்று பாதுகாப்பு சபை 487ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றி, வன்மையாகக் கண்டித்தது. அமெரிக்காவும் ஆதரித்தே வாக்களித்தது. இராக் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இருந்தது, உலை சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்பில் இருந்தது, தாக்குதல் உடனடி என்பதற்குச் சான்று எதுவும் இல்லை.

2007 செப்டம்பர் 6 அன்று சிரியாவின் அல்-கிபரில் ஒரு கட்டடம் தாக்கப்பட்டபோது பெரும்பாலான நாடுகள் வாய் திறக்கவில்லை. தாக்கியது தாங்கள்தான் என்று இஸ்ரேல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதே 2018இல்தான். இந்த மௌனத்தைப் பார்த்துச் சட்டம் மாறிவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். வழக்காறு உருவாக, இது எங்கள் உரிமை என்று ஒருவர் சொல்லிச் செய்ய வேண்டும், மற்றவர்கள் அதை ஏற்க வேண்டும். உரிமை கோராமல் செய்ததையும் அதைப் பார்த்து மற்றவர்கள் பேசாமல் இருந்ததையும் வைத்து வழக்காறு உருவாகாது.

2025இல் ஈரான் மீதான தாக்குதல்?

ஜூன் 13 அன்று இஸ்ரேல் முன்தாக்குதல் என்று அறிவித்துத் தொடங்கியது. ஜூன் 22இல் ஃபோர்தோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் அணுத் தளங்களை அமெரிக்கா தாக்கியது. ஈரானிடம் 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் 400 கிலோவுக்கு மேல் இருந்ததாக அணுசக்தி முகமை கணக்கிட்டிருந்தது. இது கவலைக்குரிய திறன், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்க உளவுத்துறைத் தலைமை செனட் குழுவிடம் சொன்ன மதிப்பீடு, ஈரான் அணு ஆயுதம் தயாரிக்கவில்லை என்பதே. ஆயுதமே முடிவாகாத நிலையில் அந்த ஆயுதத்தால் உடனடித் தாக்குதல் வரும் என்று காட்டுவது மிகக் கடினம்.

இன்னொரு வாதமும் உண்டு: 2024 ஏப்ரலிலும் அக்டோபரிலும் ஈரான் ஏவுகணைகளை வீசியது, இரு நாடுகளுக்கும் இடையே ஏற்கெனவே போர் நடக்கிறது, எனவே இது புதிய தற்காப்பே அல்ல. பல மாத இடைவெளிக்குப் பிறகும் பழைய மோதல் தொடர்வதாகக் கொண்டால் பிரிவு 2(4)க்கு வேலையே இருக்காது என்பதுதான் இதற்கு எதிர்வாதம். நாங்கள் எதிர்வாதத்தின் பக்கம்.

2003 இராக் போர் முன்தாக்குதல் கோட்பாட்டின் மீது நடந்ததுதானே?

அரசியல் மேடையில் ஆம், சட்டக் கோப்பில் இல்லை. 2002 செப்டம்பரில் வெளியான அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு உத்தி, எதிரி எப்போது எங்கே தாக்குவான் என்பது உறுதியாகத் தெரியாவிட்டாலும் முந்திச் செயல்படலாம் என்று எழுதியது. ஆனால் 2003 மார்ச்சில் அமெரிக்கா பாதுகாப்பு சபைக்குக் கொடுத்த வாதம், 1990, 1991, 2002ஆம் ஆண்டுத் தீர்மானங்களான 678, 687, 1441 மூன்றையும் சேர்த்து, இராக்குக்கு எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்த 1990இல் சபை தந்த பழைய அனுமதி மீண்டும் உயிர்பெற்றது என்பதுதான். பிரிட்டனின் அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் பிரபு மார்ச் 7 ஆலோசனையில், உடனடித் தாக்குதலுக்கு அளவான பதிலைத் தாண்டிய முன்தாக்குதல் கோட்பாட்டைச் சர்வதேசச் சட்டம் அங்கீகரிக்கவில்லை என்று எழுதியிருந்தார். தேடிப் போன பேரழிவு ஆயுதக் கையிருப்பு இராக்கில் கிடைக்கவே இல்லை. முன்தாக்குதலில் உளவுத் தகவல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்: தவறு தெரியும்போது ஓர் அரசு கவிழ்ந்திருக்கும், இறந்தவர்கள் இறந்திருப்பார்கள்.

1962 கியூபா நெருக்கடி?

கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டபோது அமெரிக்கா பிரிவு 51ஐ வேண்டுமென்றே தொடவில்லை. கியூபாவைச் சுற்றிப் போட்ட கடல் தடுப்புக்கு அமெரிக்க நாடுகள் அமைப்பின் முடிவையே ஆதாரமாகக் காட்டியது. தற்காப்பு என்று சொன்னால் அதே வாதம் நாளை தன் ஏவுகணைத் தளங்களுக்கு எதிராகவும் திரும்பும் என்று அதன் சட்ட ஆலோசகர்களுக்குத் தெரிந்திருந்தது.

எல்லைக்கு அப்பால் உள்ள ஆயுதக் குழுவை முந்தித் தாக்கலாமா?

அமெரிக்கா மீதான செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள், 2001 செப்டம்பர் 12இல் பாதுகாப்பு சபையில் வந்த 1368ஆம் தீர்மானத்துக்குப் பிறகு, குழுக்களின் தாக்குதலுக்கு எதிராகவும் தற்காப்பு உண்டு என்ற நிலை வலுத்தது. குழு இருக்கும் நாடு அதைத் தடுக்க முடியாமலோ விரும்பாமலோ இருந்தால் போதும் என்று சில நாடுகள் சொல்கின்றன, வேறு பல ஏற்பதில்லை. பாகிஸ்தானில் உள்ள பாலாகோட்டில் 2019 பிப்ரவரி 26 அன்று நடத்திய தாக்குதலுக்குப் பிறகு இந்தியா, உடனடி ஆபத்து என்றும், ராணுவ இலக்குகளைத் தொடாத முன்தாக்குதல் என்றும் சொற்களைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தியது. பாகிஸ்தான் அரசின் படைகளுக்கு எதிரானது அல்ல என்று காட்டுவதே அந்தச் சொற்களின் நோக்கம்.

தற்காப்பு என்று கோரும் நாடு நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்? எங்கே தவறுகிறார்கள்?

பிரிவு 51 நடவடிக்கையைப் பாதுகாப்பு சபைக்கு உடனே தெரிவிக்கச் சொல்கிறது. ஐ.நா.வுக்கான நிரந்தரப் பிரதிநிதி சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதுவார். அது சபை ஆவணமாகச் சுற்றுக்கு விடப்படும், யாரும் படிக்கலாம். என்ன தாக்குதல் நடந்தது அல்லது வரவிருந்தது, யார் பொறுப்பு, ஏன் வேறு வழி இல்லை, எந்த இலக்கு, செயல் எப்போது முடியும் என்பவை அதில் இருக்க வேண்டும். நிகரகுவா வழக்கில் அமெரிக்கா இப்படித் தெரிவிக்காததையே நீதிமன்றம் அதன் தற்காப்பு வாதத்துக்கு எதிரான அடையாளமாகக் கொண்டது.

கடிதத்தையும் அரசியல்வாதிகளின் பேட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 2020 ஜனவரி 3 அன்று ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியை அமெரிக்கா கொன்றபோது பேட்டிகளில் 'உடனடி ஆபத்து' என்றார்கள். ஜனவரி 8 கடிதமோ, முந்தைய மாதங்களில் நடந்த தொடர் தாக்குதல்களுக்கான பதில் என்பதில்தான் அதிகம் சாய்ந்தது. நடந்ததற்குப் பதில் என்றால் பழிவாங்கல் ஆகிவிடும் அபாயம், வரப்போவதைத் தடுத்தல் என்றால் சான்று காட்ட வேண்டிய கட்டாயம். பெரும்பாலான கடிதங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகின்றன.

அடுத்து அவசியமும் அளவும். அமெரிக்கா 1987இலும் 1988இலும் ஈரானின் எண்ணெய் மேடைகளை அழித்தது பற்றிய சர்வதேச நீதிமன்றத்தின் 2003 தீர்ப்பு இதில் நல்ல பாடம். முதல் தாக்குதலுக்குக் காரணமாக அமெரிக்கா சொன்னது ஓர் எண்ணெய்க் கப்பல் மீது விழுந்த ஏவுகணையை; அதை வீசியது ஈரான்தான் என்று அமெரிக்காவால் நிரூபிக்க முடியவில்லை. அந்த மேடைகளில் ராணுவ வேலை நடக்கிறது என்று முன்பு ஈரானிடம் புகார் சொன்னதும் இல்லை, அப்படியானால் அவற்றைத் தாக்குவது எப்படி அவசியமாகும் என்று நீதிமன்றம் கேட்டது. கண்ணிவெடியில் ஒரு போர்க்கப்பல் சேதமானது, மூழ்கவில்லை, யாரும் இறக்கவில்லை. அதற்குப் பதிலாக நடந்த பெரிய நடவடிக்கை அளவு மீறியது என்றது.

தொடங்கியது சரியா என்பதும் நடத்திய விதம் சரியா என்பதும் தனித்தனிக் கேள்விகள். தற்காப்பு முழுக்கச் சரியாக இருந்தாலும் பொதுமக்களைக் காக்கும் ஜெனீவா விதிகள் ஓர் எழுத்தும் தளராது.

சட்டம் இடம் தராவிட்டாலும் தார்மீக நியாயம் இருக்க முடியாதா? அடி விழும்வரை காத்திருக்கச் சொல்வது கொடுமையல்லவா?

கேள்வியில் வலி இருக்கிறது. சிறிய நாட்டுக்கு முதல் அடியே கடைசி அடியாகலாம். உடனடி ஆபத்தை முந்தும் குறுகிய வாசல் அதற்காகத்தான் இருக்கிறது. உடனடி அல்லாத ஆபத்துக்கும் சட்டம் கதவை முழுக்க மூடவில்லை. பிரிவு 39இன்படி அமைதிக்கு அச்சுறுத்தல் என்று பாதுகாப்பு சபை கண்டால், 42ஆம் பிரிவின்கீழ் தாக்குதல் நடக்குமுன்பே படைபலத்தை அனுமதிக்கலாம். 15 வாக்குகளில் 9 வேண்டும், நிரந்தர உறுப்பினர் ஐவரில் யாரும் வீட்டோ போடக் கூடாது. வீட்டோவால் சபை முடங்குவது உண்மை, அது கடுமையான குறை. ஆனால் அந்தக் குறைக்காகத் தடுப்புப் போரை ஒவ்வொரு நாட்டின் கையிலும் கொடுத்தால், ஒன்றையொன்று அஞ்சும் எந்த இரு நாடுகளுக்கும் ஒரே நேரத்தில் முதலில் தாக்கும் உரிமை வந்துவிடும். இரண்டில் எது முந்தினாலும் அது சட்டப்படி என்று சொல்லும் விதி, விதியே அல்ல. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யாவும் பிரிவு 51ஐச் சொல்லித்தான் உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச் 2இல் பொதுச் சபையில் 141 நாடுகள் அதைக் கண்டித்து வாக்களித்தன.

மீறினால் தண்டனை உண்டா?

தனிமனிதர்களுக்கு, அரிதாக. ஆக்கிரமிப்புக் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு 2018 ஜூலை 17 முதல் உண்டு. ஆனால் சாசனத்தை 'வெளிப்படையாக' மீறிய போராக இருக்க வேண்டும், குற்றவாளி நாட்டின் ராணுவ, அரசியல் செயலை இயக்கும் இடத்தில் இருப்பவராக இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் சேராத நாட்டின் குடிமக்கள் மீது, பாதுகாப்பு சபை அனுப்பினாலொழிய, இந்தக் குற்றத்துக்கு வழக்கே கிடையாது. இந்த ஓட்டையால்தான் உக்ரைனுக்காகத் தனித் தீர்ப்பாயம் அமைக்க ஐரோப்பிய கவுன்சில் 2025 ஜூனில் உக்ரைனுடன் ஒப்பந்தம் செய்தது.

நாடுகளுக்கு நட்ட ஈடு உண்டு, மெதுவாக. 1998இல் உகாண்டா காங்கோவுக்குள் படை நடத்தியது. அதன் ராணுவத் தலைமையின் ஆவணமே காட்டிய பாதுகாப்புத் தேவைகள், நடந்த தாக்குதலுக்குப் பதில் அல்ல, சாராம்சத்தில் எதிர்கால ஆபத்தைத் தடுப்பவை என்று சர்வதேச நீதிமன்றம் கண்டது. ஒரு நாடு தன் பாதுகாப்பு நலன் என்று தானே கருதுவதைக் காக்கப் பிரிவு 51 இடம் தராது என்று 2005 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தொகை முடிவானது 2022 பிப்ரவரி 9 அன்று: 32.5 கோடி டாலர். அதில் 22.5 கோடி மனித உயிருக்கும் உடலுக்கும் நேர்ந்த இழப்புக்கு, 4 கோடி சொத்துக்கு, 6 கோடி இயற்கை வளங்களுக்கு. ஆண்டுக்கு 6.5 கோடி டாலராக ஐந்து தவணைகளில் செலுத்த வேண்டும் என்பது உத்தரவு.